குளிர்காலத்தில் பின்வளவுக் கோழிகள்



சென்ற மாத உரைத் தொடரில் நான் கோழி வளர்ப்புப் பற்றிப் பேசிய அன்று கலையகத் தொலைபேசி ஓயவேயில்லை. வருமானவரி பற்றி நான் பேசும் நாட்களில் இரண்டு அழைப்பு வந்தாலே பெரிய விடயம். கோழியென்றதும் பதினொரு பேர் அழைத்தார்கள். அநேகமானோர் அறுபதைத் தாண்டிய அம்மாமார். "தம்பி, நீர் சொன்னதை எழுதித் தாரும், மருமகனுக்குக் காட்டவேணும்" என்று கேட்டவர்களுக்காக இந்தக் கட்டுரை. நேரம் போதாமல் வானொலியில் விட்டவற்றையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிய ஒரு குறிப்பு. நான் தொழிலால் கணக்காளன். மிருக வைத்தியம் படித்தவனல்லன். ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டின் பின்வளவில் எட்டு வருடங்களாக நாலைந்து பேட்டுக்கோழிகள் நிற்கின்றன. கோழி இந்த ஊருக்குப் புதிய பிராணியுமல்ல. எப்பிங் வனத்தில் மேயும் மாடுகள் பெருந்தெருவுக்கு வந்துவிடாதபடி போட்டிருந்த படலையால்தான் இந்த ஊருக்கே அப்பெயர் வந்தது. வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளியில் 1996 வரை, மாட்டுப் பைத்திய நோய்ப் பிரச்சினை வரும்வரை, மாடுகள் மேய்ந்தன. ஆகவே வீட்டில் நாலு கோழி நிற்பதை அயலவர் அதிசயமாகப் பார்த்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அழைத்தவர்களுள் ஒரு தாயாரின் அனுபவத்தை அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்தவர். கணவர் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் பெரிய வளவோடு இருந்தவர். மகள் வாங்கிக் கொடுத்த ஐந்து கோழிகளோடுதான் அவருடைய காலைப் பொழுது தொடங்கும். கடந்த குளிர்காலத்தில், கோழிகள் குளிரில் விறைத்துவிடும் என்ற பயத்தில், கூட்டின் மேற்பக்கத் துவாரங்களையெல்லாம் பிளாஸ்ரிக் பையால் அடைத்து, வெளியே பழைய போர்வை சுற்றி, அதற்குமேல் தரப்பாள் கட்டினார். மூன்றாம் கிழமை ஒரு கோழிக்குக் கண்ணில் நுரை. பிறகு மூக்கால் நீர் வடிந்தது. இரவில் கூட்டுக்குப் பக்கத்தில் போனால் கரகரவென்று மூச்சுச் சத்தம் கேட்கும். ஜனவரி முடிவதற்குள் மூன்று கோழிகள் செத்துப்போயின. "அவ்வளவு பாதுகாப்பாய் வைச்சும் குளிர் கொண்டுபோட்டுது தம்பி" என்றார். மகள் தனியாகக் கதைக்கும்போது, "மிச்சம் இரண்டும் போனால் அம்மா காலமை எழும்பிறதுக்கே ஒரு காரணம் இல்லாமல் போயிடும் அண்ணை" என்றார்.

அந்தக் கோழிகளை ஈரம் கொன்றது. அன்போடு கட்டிய தரப்பாள்தான் அந்த ஈரத்தை உள்ளே பிடித்து வைத்தது.

கோழி எவ்வளவு குளிரைத் தாங்கும்?

கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். எங்களைவிட நாலு பாகை கூட. இறகுகளைச் சிலிர்த்து, அவற்றின் நடுவே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதன் போர்வை. லண்டனில் டிசம்பர், ஜனவரி இரவுகள் பெரும்பாலும் 2, 3 பாகையில் நிற்கும். சில இரவுகளில் உறைநிலைக்குக் கீழே போகும். இறகு முழுமையாக உள்ள, வளர்ந்த, நன்றாகத் தின்னும் கோழிக்கு இது பெரிய சோதனையல்ல. கனடாவிலும் நோர்வேயிலும் இதைவிட மிகக் கடுமையான குளிரில் ஹீற்றர் இல்லாத கூட்டில் கோழி வளர்க்கிறார்கள்.

ஆனால் இந்தப் போர்வை உலர்ந்திருக்க வேண்டும். நனைந்த இறகுக்குள் காற்று நிற்காது. ஊரில் மாரி மழையில் ஒதுங்க இடமில்லாமல் நனைந்த கோழி கூனிக்குறுகி நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அப்போதும் 24, 25 பாகை வெப்பம் இருந்தது. அந்த வெப்பத்திலேயே ஈரம் அப்படிச் செய்ததென்றால் இங்கே எப்படியிருக்கும்! அதே கோழி மாமரக் கொப்பில், இலைகளுக்குக் கீழே, நாலு பக்கமும் காற்றோட்டத்தோடு படுத்தெழும்பி வருத்தமில்லாமல் இருந்ததையும் நினைத்துப் பாருங்கள்.

தண்ணீரின் வரவு செலவு

என் தொழிற்பழக்கம் விடாது. கூட்டுக்குள் நடப்பதை ஐந்தொகைபோலப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும்.

நான்கு கோழிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் குடிக்கும். இது வரவு. செலவுப் பக்கத்தில், முட்டை இட்டால் ஒரு முட்டையோடு 40 கிராமளவு தண்ணீர் போகும். குளிர்காலத்தில் அதுவும் குறைவு. மீதி முழுவதும் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வருகிறது. புதிய எச்சத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி தண்ணீர்தான்.

இனி நேரத்தைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் லண்டனில் சூரியன் காலை 8 மணி கழிந்து உதித்து மாலை 4 மணிக்கு முன்னரே மறைந்துவிடுகிறது. கோழி இருளத் தொடங்கியதும் கூட்டுக்குள் போகும், விடிந்தபின்தான் வெளியே வரும். அதாவது நாளொன்றில் 16 மணித்தியாலம் உள்ளே. ஜூன் மாதத்தில் இது ஏழெட்டு மணித்தியாலம்தான். கோடையில் ஒரு பிரச்சினையும் தராத அதே கூடு குளிர்காலத்தில் நோய்க்கூடாக மாறுவதற்கு இதுவே முதற்காரணம். அந்த 16 மணித்தியாலத்தில் நான்கு கோழிகள் அரை லீற்றர் தண்ணீரை வெளிவிடுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு தேநீர்க் கேத்தலில் அரை லீற்றரைக் கொதிக்கவைத்து ஒரு சிறிய அலுமாரிக்குள் ஆவியாக விட்டதற்குச் சமம்.

இதன் விளைவு எங்கள் வீடுகளிலேயே தெரியும். சோறு வடிக்கும்போது அடுப்படி யன்னல் வேர்க்கிறது. ஹீற்றருக்கு மேல் உடுப்புக் காயப்போட்டு யன்னலையும் பூட்டிவைத்தால் அறை மூலையில் கறுப்புப் பூஞ்சணம் படர்கிறது. கிழக்கு லண்டனில் வாடகை வீட்டில் இருந்த எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. கோழிக்கூட்டின் கூரையின் உட்பக்கத்தில் நடப்பதும் இதுதான். வேர்த்த நீர் சொட்டுச்சொட்டாகக் கோழியின் முதுகில் விழும்.

ஈரத்தோடு இன்னொன்றும் சேருகிறது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தைப் பக்ரீரியாக்கள் ஈரத்தின் உதவியோடு சிதைத்து அமோனியா வாயுவாக்கும். கோழியின் மூச்சுக்குழாயின் உள்ளே தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்ற நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அமோனியா முதலில் அவற்றைத்தான் பழுதாக்கும். வாசற்காவலன் போனபின் யாரும் உள்ளே வரலாம். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பின்வளவுக் கோழிகள் பலவற்றின் உடலில் சத்தமில்லாமல் இருப்பது. குளிர், ஈரம், அமோனியா மூன்றும் சேரும்போது அது எழும்பும். கண்ணில் நுரை, மூக்கால் வடிதல், கரகர மூச்சு என்று அந்தத் தாயார் சொன்னவை அதன் வழமையான அறிகுறிகள். மிருக வைத்தியரும் அதையே சொன்னாராம். ஒருமுறை தொற்றிய கோழி தேறினாலும் கிருமியைக் காவிக்கொண்டேயிருக்கும். ஆகவே புதிய கோழிகளை அவற்றோடு சேர்க்கும்போது யோசிக்க வேண்டும்.

காற்று வரட்டும், ஆனால் மேலாலே

"வெளியிலயும் மழையும் புகாருந்தானே, துவாரம் விட்டால் ஈரம் உள்ளுக்கல்லோ வரும்?" என்று ஒரு நேயர் கேட்டார். நியாயமான கேள்வி. குளிர்ந்த காற்று ஈரமாகத் தோன்றினாலும் அதில் தண்ணீர் குறைவு. 3 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 6 கிராம் நீராவியைத்தான் சுமக்கும். அதே காற்று கோழிகளின் உடற்சூட்டால் 10 பாகைக்கு வந்தால் 9 கிராமுக்குமேல் சுமக்கும். ஆகவே வெளியே நூறு வீதம் ஈரமாக இருந்தாலும், உள்ளே வந்து வெப்பமாகி வெளியேறும் ஒவ்வொரு கனமீற்றர் காற்றும் மூன்று கிராம் தண்ணீரைக் காவிக்கொண்டு போகிறது. கூலி கேட்காத வேலையாள்.

துவாரங்கள் கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் இருக்க வேண்டும். கோழி தடியில் குந்தியிருக்கும்போது அதன் தலைக்கு மேலாகக் காற்றுப் போகவேண்டும், உடம்பில் அடிக்கக்கூடாது. உடம்பில் படும் ஊதற்காற்று இறகுகளைக் கிளப்பி உள்ளே உள்ள சூட்டை எடுத்துவிடும். ஆகவே தடியின் மட்டத்தில் உள்ள வெடிப்புகளை அடையுங்கள், மேலே உள்ளவற்றைத் திறவுங்கள். மழை உள்ளே சாரலடிக்காதபடி கூரையைக் கொஞ்சம் வெளியே நீட்டிவிட்டால் போதும். துவாரத்துக்கு 13 மில்லிமீற்றர்க் கண்ணுள்ள, ஒட்டிய கம்பி வலை அடியுங்கள். கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், நரியை வெளியே வைத்திருக்காது. ஃபாரஸ்ட் கேட் நரிகள் பகலிலேயே தெருவில் நடந்து திரிபவை.

கடைகளில் விற்கும் சிறிய மரக்கூடுகளில் மேல்துவாரம் போதாது. 'ஆறு கோழிக்கானது' என்று எழுதியிருந்தால் மூன்றுக்குத்தான் உதவும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் சந்தைக்கு வந்த எக்லு போன்ற பிளாஸ்ரிக் கூடுகள் விலை கூட. ஆனால் கழுவ இலகு, உண்ணிகள் ஒளிக்க வெடிப்பும் குறைவு.

போதுமான காற்றோட்டம் உண்டா என்று அறிய உபகரணம் வேண்டியதில்லை. விடியற்காலையில் கதவைத் திறந்ததும் கூரையின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் துவாரம் போதாது. பிறகு முழந்தாளிட்டு, தலையைக் கோழியின் உயரத்துக்குக் கொண்டுபோய் மணந்து பாருங்கள். மூக்கு எரிந்தால் உடனே எச்சத்தை அள்ளவேண்டும். நின்ற நிலையில் மணந்தால் தெரியாது. முழங்கால் நோக்காடு உள்ளவர்கள் பேரப்பிள்ளையை அனுப்பலாம், அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

ஹீற்றர், சூட்டு விளக்கு வேண்டாம் என்பது என் திடமான கருத்து. மரச்சீவலும் தூசியும் உள்ள இடத்தில் அது தீ ஆபத்து. அதோடு சூட்டுக்குப் பழகிய கோழிக்கு மின்சாரம் நின்ற இரவில் திடீர்க் குளிர் வரும். கம்பளிச் சுவெற்றர் பின்னிக் கோழிக்குப் போடும் வழக்கமும் இந்த நாட்டில் உண்டு. படத்துக்கு அழகு. மழையில் நனைந்தால் ஈரச்சாக்கைச் சுற்றிவிட்ட மாதிரித்தான்.

ஒரு விதிவிலக்கு. பண்ணைகளில் முட்டைக்காலம் முடிந்த கோழிகளைத் தொண்டு நிறுவனங்கள் மூலம் எடுப்பவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அவை சிலவேளை இறகு உதிர்ந்து வெறுந்தோலோடு வரும். அப்படியானவற்றைக் கடுங்குளிர் மாதங்களில் எடுக்காமல் வசந்தம்வரை பொறுத்திருப்பது நல்லது. எடுத்துவிட்டால், இறகு முளைக்கும்வரை உலர்ந்த கொட்டிலுக்குள் வைத்திருங்கள்.

படுக்கையும் நிலமும்

குந்தும் தடி ஐந்து சென்ரிமீற்றர் அகலமாக, விளிம்பு மழுங்கியதாக இருந்தால், கோழி தன் விரல்களை நெஞ்சு இறகுக்குள் மூடிக்கொண்டு படுக்கும். மெல்லிய கம்பிலோ இரும்புக் குழாயிலோ கால் விறைக்கும். ஒரு கோழிக்குக் குறைந்தது 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீளம் விடுங்கள். நெருங்கிப் படுத்து ஒன்றையொன்று சூடாக்குவதை அவை தாங்களாகவே செய்யும்.

கீழே பரப்புவதற்குத் தூசி நீக்கிய மரச்சீவல் அல்லது சணல் தண்டுச் சீவல் சிறந்தது. ஊர்ப் பழக்கத்தில் வைக்கோலைத் தேடவேண்டாம். லண்டன் ஈரத்தில் வைக்கோல் உட்பக்கமாகப் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சணத்தின் வித்துகள் கோழியின் நுரையீரலுக்குப் போனால் அஸ்பெர்ஜிலோசிஸ் என்ற நோய் வரும். அதற்கு வைத்தியம் மிகக் கடினம். தடிக்குக் கீழே ஒரு பலகையை வைத்து அதன்மேல் பழைய பத்திரிகையை விரித்துவிட்டால், இரவு எச்சத்தைக் காலையில் ஒரு நிமிடத்தில் சுருட்டி எடுக்கலாம். கூட்டின் ஈரவரவில் பெரும்பகுதியை அந்த ஒரு நிமிடம் வெளியேற்றிவிடும். எங்கள் இந்த இதழை வாசித்து முடித்தபின் அதற்குப் பயன்படுத்தினாலும் நான் கோபிக்கமாட்டேன்.

சிவப்பு உண்ணி குளிரில் செத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பெருகுவது குறையும், அவ்வளவுதான். பகலில் வெடிப்புகளில் ஒளித்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும் இந்தச் சீவன் உணவில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடி பொருந்தும் மூலைகளைக் குளிர்காலத்திலும் சுரண்டிப் பாருங்கள்.

எங்கள் பகுதி வீடுகள் விக்ரோறியா காலத்து வரிசை வீடுகள். பின்வளவு ஒடுக்கம், இருபக்கமும் உயர்ந்த வேலி. நவம்பர் தொடங்கினால் பல வளவுகளில் வெயில் நிலத்தில் படுவதேயில்லை. நாலு கோழி கிளறினால் இரண்டு கிழமையில் புல் போய்ச் சேறாகும். அந்தச் சேற்றில்தான் குடற்புழுவின் முட்டைகள் கிடந்து கோழிக்குத் திரும்பத் திரும்பத் தொற்றுகின்றன. கோழி முற்றத்தின் ஒரு பகுதிக்காவது ஒளி புகும் நெளிதகடு போட்டுக் கூரையடியுங்கள். அந்த நீரைப் பீலி வைத்து அப்பால் விடுங்கள். நிலத்தில் வைரமரச் சீவலைத் தடிப்பாகப் பரப்புங்கள். பூந்தோட்டங்களுக்கு விற்கும் மரப்பட்டைத் துண்டுகள் மலிவாக இருந்தாலும் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய ரயர் ஒன்றுக்குள் உலர்மணலும் விறகுச் சாம்பலும் போட்டுக் கூரைக்குக் கீழே வைத்தால், கோழி புழுதி குளித்துத் தன் பேனைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கோழி கழுத்தை நீட்டி வாயை ஆவென்று திறந்து மூச்சு இழுத்தால் மூச்சுக்குழாய்ப் புழுவாகவும் இருக்கலாம். மண்புழுவைத் தின்பதால் தொற்றும், ஆகவே ஈரமான மாதங்களில் கூடும். புளூபென்வெற் என்ற மருந்தைத் தீனோடு கலந்து ஏழு நாள் கொடுப்பது இங்கே வழக்கம். அந்நாட்களில் முட்டையை உண்ணலாம். அளவைப் பொதியில் பார்த்துச் சரியாக நிறுங்கள். கண்மட்டம் உதவாது.

அடுப்படியிலிருந்து ஒன்றும் போகக்கூடாது

வானொலியில் இதைச் சொன்னபோதுதான் அதிகம் பேர் நம்பவில்லை. பழஞ்சோறு, தேங்காய்ப்பூச் சக்கை, பூசணித் தோல், மீன் கழுவின தண்ணீர் என்று கோழிக்கு மிச்சத்தைப் போடுவது எங்கள் இரத்தத்தில் ஊறிய பழக்கம். இந்த நாட்டில் அது சட்டவிரோதம். இரண்டே இரண்டு கோழி வைத்திருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

இதற்குக் காரணம் 2001இல் வந்த கால்வாய் நோய். நோர்தம்பர்லாந்தில் பன்றிகளுக்கு ஒழுங்காக வேகவைக்காத உணவுக்கழிவைக் கொடுத்த பண்ணையொன்றிலிருந்து அது பரவியதென்று கண்டார்கள். நாடெங்கும் இலட்சக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் கொல்லப்பட்டன. இன்று இறைச்சி, மீன், பால் புழங்கும் அடுப்படிக்குள் போய்வந்த எதையும், வெறும் கரட் தோலாயினும், கோழிக்குக் கொடுக்க முடியாது. 'நாங்கள் சைவம்' என்றாலும் தப்பமுடியாது, ஏனெனில் எங்கள் சைவ அடுப்படியில் பாலும் தயிரும் நெய்யும் உண்டு. பாலும் சேர்க்காத முழுத் தாவர உணவு வீடுகளுக்கு மட்டுமே விலக்கு. தோட்டத்தில் பிடுங்கிய கீரையை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் நேரே கோழிக்குப் போடலாம்.

விசித்திரம் என்னவென்றால், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இதே அரசாங்கம் இதற்கு நேர்மாறாகச் சொன்னது. பங்கீட்டில் ஆளுக்குக் கிழமைக்கு ஒரு முட்டை. அந்த உரிமையை விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கோழித்தீன் மா கொடுத்து, அதை வீட்டு மிச்சத்தோடு கலந்து கோழிக்குப் போடச்சொன்னார்கள். லண்டன் பின்வளவுகள் அப்போது கோழிகளால் நிறைந்திருந்தன. முட்டைப் பங்கீடு முடிந்தது 1953இல்.

ஆகவே பிரதான உணவு கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீன்தான். கோழியொன்றுக்கு நாளுக்கு 120 கிராமளவு. நான்கு கோழிக்கு 20 கிலோச் சாக்கு ஒன்று 41 நாட்கள் வரும். இதைவிட விரைவாக முடிந்தால் எலியும் தின்கிறது என்று பொருள். தீனை உலோக வாளியில் மூடிவைத்து, இரவில் தீன் தட்டை எடுத்துவிடுங்கள். பிற்பகலில் ஒரு கோழிக்கு ஒரு சிறங்கைக்குக் குறைவாகக் கோதுமையும் சோளமும் வீசலாம். இரவு முழுவதும் செமித்துக்கொண்டு உடற்சூட்டுக்கு உதவும். கூடினால் கொழுப்புத்தான். உறைபனி நாட்களில் தண்ணீர்த் தட்டை இரவில் வீட்டுக்குள் எடுத்து, காலையில் இளஞ்சூட்டு நீரோடு வையுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் கோழி தீனும் தின்னாது. உள்ளே, கூட்டுக்குள், தண்ணீர் வைக்காதீர்கள். வரவுப் பக்கத்தை ஏன் கூட்டவேண்டும்?

காட்டுப்பறவையும் அரசாங்கப் படிவமும்

ஊரில் மாரி தொடங்கக் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்கி விழுந்து, பச்சையாய்க் கழிந்து, ஒரு கிழமையில் கூடே வெறுமையாகும் கொள்ளைநோய் உங்களுக்கு ஞாபகமிருக்கும். ரானிக்கெற் என்று மிருக வைத்தியர் சொல்வார். அந்தப் பெயர் வட இந்திய மலைநகர் ஒன்றினுடையது. அதே நோய்க்கு ஆங்கிலப் பெயர் நியூகாசில் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டதால் அப்பெயர். பறவைக் காய்ச்சலைப் போலவே அதுவும் இங்கே சந்தேகம் வந்த உடனேயே அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்.

பறவைக் காய்ச்சலைக் குளிர்காலத்தில் இடம்பெயர்ந்து வரும் வாத்துகளும் தாராக்களும் கொண்டுவருகின்றன. 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுவதிலும் கோழிகளை அடைத்தே வைக்க வேண்டியிருந்தது. ஐந்து மாதத்துக்கு மேல்! கூரையும் வலையும் உள்ள முற்றம் செய்து வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். மற்றவர்களின் கோழிகள் இருட்டுக் கூட்டுக்குள் நின்று ஒன்றையொன்று கொத்தின. 2025 நவம்பரில் வந்த அடைப்பு விதியில், 50க்குக் குறைந்த பறவைகளை வைத்துத் தங்கள் தேவைக்கு மட்டும் பயன்படுத்துவோருக்கு விலக்கு இருந்தது. ஆனால் முட்டையை விற்றாலோ சும்மா கொடுத்தாலோ அந்த விலக்கு இல்லை. ஆறு முட்டையைப் பையில் போட்டு அயல்வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அடைப்புக் காலத்தில் அதன் விளைவை யோசியுங்கள். விதிகள் மாறுபவை. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் டெஃப்ராவின் இணையத்தளத்தைப் பிள்ளைகளைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

வான்ஸ்டெட் பிளாட்ஸில் ஜூபிலி குளத்தடியில் நடந்துவிட்டு அதே சப்பாத்தோடு கோழி முற்றத்துக்குள் போகவேண்டாம். அங்கே தாரா எச்சம் மிதியாமல் நடக்கமுடியாது. கோழிக்கென்று ஒரு பழைய சப்பாத்தை வாசலில் வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

2024 ஒக்ரோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரேயொரு கோழி வைத்திருப்பவரும் விலங்கு, தாவர சுகாதார முகவரகத்தில் பதிவு செய்யவேண்டும். முன்னர் 50 பறவையோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். அழைத்த பதினொரு பேரில் பதிந்திருந்தவர்கள் மூவர். படிவத்தில் பெயர் எழுதுவதென்றால் எங்கள் ஆட்களுக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம் வரும். அது எங்கிருந்து வந்ததென்று எனக்கும் தெரியும். எங்கே இருக்கிறீர்கள், எத்தனை கோழி, என்ன இனம் என்பவைதான் இதன் பிரதான கேள்விகள். பக்கத்தில் நோய் வந்தால் உங்களுக்கு அறிவிப்பதற்கான பதிவு இது. கட்டணமில்லை. கணனி தெரியாதவர்களுக்கு எங்கள் கலையகத்தில் வைத்து நிரப்பித் தருகிறேன்.

வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும், சொந்த வீடென்றால் உறுதியையும் பாருங்கள். சிலவற்றில் கோழி வளர்க்கத் தடை எழுதியிருக்கும். தோட்டத் துண்டு எடுத்தவர்களுக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம் வியாபார நோக்கமில்லாமல் பேட்டுக்கோழி வைக்க உரிமை தருகிறது. சேவலுக்கு அந்த உரிமை இல்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும். விடியப்புறம் கூவி அயலவரின் முறைப்பாடு கவுன்சிலுக்குப் போவதைவிட அது மேல்.

முட்டை நின்றால்

குளிர்காலத்தில் முட்டை குறைவது பெரும்பாலும் நோயல்ல. கோழியின் உடம்பு பகலின் நீளத்தைப் பார்த்து முட்டையிடுகிறது. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணித்தியாலமளவு. இங்கே எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. அதோடு இலையுதிர் காலத்தில் இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கும் கோழிக்குப் புரதம் முழுவதும் இறகுக்கே தேவை. மின்குமிழ் போட்டு முட்டை எடுக்கலாம். நான் அதை விரும்புவதில்லை. போடுபவர்கள் நேரங்காட்டி வைத்து அதிகாலையில் எரியவிடுங்கள். மாலையில் எரித்துத் திடீரென அணைத்தால் கோழி தடியில் ஏறமுன் இருட்டில் அகப்பட்டுவிடும்.

ஊரில் நாங்கள் அறிந்த வெள்ளை லெகோனை இங்கே தேடுபவர்களுக்கு ஒரு சொல். அது இத்தாலியிலிருந்து வந்த இனம், கொண்டை பெரிது. உறைபனியில், அதுவும் ஈரக்கூட்டில், அந்தக் கொண்டை நுனி கறுத்துப்போகும். றோட் ஐலண்ட் றெட் இந்தக் குளிருக்கு நன்றாகத் தாங்கும், அதுவும் நாங்கள் அறிந்த இனந்தான்.

இருட்டியபின் ஒரு ரோர்ச் லைற்றோடு போய் ஒவ்வொரு கோழியையும் கையில் எடுத்துப் பாருங்கள், கிழமைக்கு ஒருமுறை போதும். நெஞ்செலும்பு கத்திபோல் கையில் தட்டுப்பட்டால் மெலிகிறது. இரைப்பை நிறைந்திருக்க வேண்டும். காதை முதுகில் வைத்தால் மூச்சில் சத்தம் இருக்கக்கூடாது. இறகின் கீழே தோல் உலர்ந்திருக்க வேண்டும். பகலில் தனியே ஒதுங்கி, வாலைத் தாழ்த்தி, கண்ணை மூடி நிற்கும் கோழி ஏற்கெனவே நாட்கணக்கில் நோயோடு இருக்கிறது. நோயை மறைப்பது அதன் இயல்பு. அதைப் பிரித்து உலர்ந்த பெட்டியில் வைத்து, கோழி பார்க்கும் மிருக வைத்தியரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். ஒரே நாளில் பல கோழிகள் விழுந்தால் காவிக்கொண்டு போகவேண்டாம், முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து கொண்டுவந்து அலுமாரியில் வைத்திருக்கும் அமொக்சிசிலினை உடைத்துக் கொடுக்காதீர்கள். அளவும் தெரியாது, நோயும் தெரியாது, அந்த முட்டையைத் தின்பது உங்கள் பேரப்பிள்ளை. மஞ்சளும் உள்ளியும் மருந்தென்று நம்பி நாலு நாளைக் கடத்துவதும் அப்படித்தான்.

அந்தத் தாயாரின் கூட்டைச் சென்ற மாதம் நானும் அவருடைய மருமகனும் பார்த்தோம். தரப்பாளைக் கழற்றி, துவாரங்களைத் திறந்து வலையடித்து, கூரையின் முன்பக்கத்தை ஒரு சாண் நீட்டினோம். வேலை ஒரு சனிக்கிழமை பின்னேரத்தோடு முடிந்தது, செலவு வலைக்கும் பலகைக்கும் மட்டும். அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. காலையில் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கை காய்ந்திருக்கிறது என்று எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார், ஆனால் போர்வையைக் கழுவி மடித்து ஆயத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.